ப்ராமுக்குப் பதிலாக நான்

டொக்கும்,
பனி விட்டு மழை பிடித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாய்கே அக்காவுக்கும், அவளைப் பொறுமையின் வடிவாக நின்று தாங்கிவரும் காரெல் அத்தானுக்கும், வடக்கு மூலையிலிருந்து தம்பி சீப்ரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மூட்டுவலியும் வெந்நீர் பாய்லரும் ஆண்டவர் தயவில் ஒருவரையொருவர் கைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மிடல்பர்க்கில் உன் ரத்த அழுத்தம் இறங்கி, அத்தானின் ரோஜாச் செடிகள் ஏறி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். நான் "அடுப்புல சூப் பொங்குதுக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சூப் எதுவும் பொங்கவில்லை. தனி ஆளுக்குப் பட்டாணி சூப் டப்பாவில்தான் வருகிறது. பொங்கி வழியும் அளவுக்கு அதில் இருக்காது. உன் கேள்விகள் இரண்டும் நம் அத்தை மகள் பெட்யா மூட்டிய தீ என்று எனக்குத் தெரியும். முதலாவது, விலங்கு ஆம்புலன்ஸ் வாராவாரம் என் வாசலில் வந்து நிற்கிறதாமே என்பது. இரண்டாவது, சந்தை நாளன்று நான் இடுப்பில் நாய் வார் கட்டிக்கொண்டு ஊருக்கு நடுவே போனேனாமே என்பது. இரண்டும் உண்மை. ஆனால் பெட்யா சொன்ன மாதிரி உண்மை இல்லை. அவள் சொன்னால் குதிரைக்குக்கூடக் கொம்பு முளைக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

என் வீட்டுக்காரி ஆல்டா போன பிறகு இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் இருந்தவரை வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்க்க வந்தவர்கள். நான் ஓரமாக உட்கார்ந்து செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டிருப்பேன், அவர்களும் அதையே விரும்பினார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் ஆபீசராக வேலை பார்த்தவனுக்கு இந்த மாதிரிச் சின்ன ஊரில் சிநேகிதம் எங்கே கிடைக்கும்? இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் பண்ணியவன் நான். மீதிப் பாதி அவர்களுடைய அண்ணன் தம்பிகள். மீன் கடையில் எனக்கு எப்போதும் வால் பக்கம்தான் விழும். முடி வெட்டுகிறவன் இன்னும் பேச மாட்டான், அவனை நான் ஃபெயில் பண்ணியது வண்டி நிறுத்தும் பரீட்சையில். கத்தி அவன் கையில் இருப்பதால் நானும் பேச மாட்டேன். தெரிந்தவர்கள் பிறந்தநாளை எல்லாம் பெயரோடு குறித்து ஆல்டா கழிப்பறைச் சுவரில் மாட்டிய நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. தினமும் உட்கார்ந்து படிக்கிறேன். யாருக்கும் போன் பண்ணுவதில்லை. பண்ணி என்ன சொல்வது, "நான் சீப்ரன், உங்க பேரைக் கக்கூஸ்ல படிச்சேன்" என்றா?

இந்த நிலையில்தான் போன இலையுதிர் காலத்தில் ஒரு சின்னக் காகம் புகைபோக்கி வழியாக என் வரவேற்பறையில் வந்து விழுந்தது. கரியோடு கரியாக, ஒரு சிறகு தொங்கிக்கொண்டு, ஆல்டாவின் தையல் கூடையில் ஏறி உட்கார்ந்து என்னை முறைத்தது. நான் விலங்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வெள்ளை வேனில் இரண்டு பேர் வந்தார்கள். ஓபெ என்று ஒரு நெட்டை ஆள், வாய் திறக்காதவன். இன்னொருத்தி ஹெர்மின். காலையில் பேக்கரியில் ரொட்டி போடுகிறாள், மீதி நேரம் சம்பளமில்லாமல் இந்த வண்டியை ஓட்டுகிறாள். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "ஐயய்யோ, நீங்களா?" என்றாள். மூன்று முறை நான் ஃபெயில் பண்ணிய பெண். ஆனால் காகத்தை அவள் பிடித்த விதம் இருக்கிறதே அக்கா, ஒரு துண்டைப் போட்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்து, சிறகை மடித்து, பெட்டியில் வைத்து, "பயப்படாதடா கருப்பா" என்றாள். மழை பலமாக இருந்ததால் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தார்கள். ஓபெ இரண்டாவது பிஸ்கட்டும் எடுத்தான். போன பிறகு நாற்காலிகள் மேசையை விட்டுத் தள்ளி, கோணல்மாணலாகக் கிடந்தன. நான் அவற்றை அன்று பூராவும் சரிசெய்யவில்லை.

அதற்கப்புறம் எனக்குப் பிராணிகள் நிறையக் கண்ணில் பட ஆரம்பித்தன. பகலில் நடமாடும் முள்ளெலி ஒன்று. தூண்டில் முள் மாட்டிய வாத்து ஒன்று. கால்வாய்க் கரையில் அசையாமல் கிடந்த ஓர் அன்னம். அது தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பினதில் ஓபெயைக் கொத்திவிட்டது. வயிறு வீங்கிய பூனை ஒன்று. பக்கத்துத் தெருக்காரர்களுடையது, நன்றாகச் சாப்பிடுகிற பூனை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் வந்தார்கள், பார்த்தார்கள், காபி குடித்தார்கள். கடைசியாக ஒரு புறா. ஹெர்மின் அதன் இரண்டு சிறகையும் விரித்துப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் வழியாக விட்டாள். அது ஜம்மென்று பறந்து போயிற்று. அவள் திரும்பி மேசையைப் பார்த்தாள். மூன்று கோப்பை, மூன்று தட்டு, தட்டில் பிஸ்கட், கெட்டிலில் ஆவி.

"சார், நாங்க வந்து ஒரு நிமிஷம்கூட ஆகல. இந்தப் புறா விழறதுக்கு முன்னாடியே காபி போட்டுட்டீங்களா?"

ஓபெ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள்: "சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும் ஒரே வண்டிதான் சார். போன தடவை இங்க இருந்தப்போ ரோட்டோரத்துல ஒரு பூனை அடிபட்டுக் கிடந்துச்சு. நாங்க போய்ச் சேர லேட்டாயிடுச்சு."

"பொழைச்சுதா?"

"பொழைச்சுது. இந்தத் தடவை."

அதன் பிறகு நான் கூப்பிடவில்லை அக்கா. ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை போலிருக்கிறது. போய்விட்டது. வருஷம் முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறந்து பேசியது ரொட்டிக் கடையில் "வெட்டித் தாங்க" என்பதும், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனிலும்தான். உன்னோடு பேசுவதில் பேச்சு முழுக்க உன்னுடையது என்பதையும் கணக்கில் எடு.

இனி ரின்ஸ்கே அம்மாள் விஷயம். என் எதிர்வீடு. பெரிய சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதனால் இந்தத் தெருவில் நான் ஃபெயில் பண்ணாத ஒரே ஆள் அவர்தான். அப்படியிருந்தும் எத்தனையோ வருஷமாக எங்களுக்குள் ஒரு காலை வணக்கம், அதுவும் காற்று அந்தப் பக்கம் அடித்தால்தான். அவருக்கு வழிகாட்டி நாய் ஒன்று, ப்ராம் என்று பெயர். கறுப்பு, பெரிய தலை, வங்கி மேனேஜர் மாதிரி முகம். எனக்கு நாய் ஆகாது என்பது உனக்குத் தெரியும், நாய்களுக்கும் தெரியும். ஆனால் அதன் நடை எனக்குப் பிடிக்கும். ஓரத்தில் நிற்கும், இரு பக்கமும் பார்க்கும், அவசரப்படாது. என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு ஆள் பரீட்சைக்கு வந்ததில்லை.

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில், தரை கண்ணாடி போல உறைந்திருந்த ஒரு காலை. நான் வழக்கம்போல ஜன்னலில். ரின்ஸ்கே அம்மாளும் ப்ராமும் தெருவைத் தாண்ட இறங்கினார்கள். முன்னால் பெரிய பெட்டி வைத்த மின்சார சைக்கிள் ஒன்று மூலை திரும்பியது. இந்தச் சனியன்களுக்குச் சத்தம் கிடையாது. ஓட்டிவந்தவன் பிரேக் பிடித்தான், சக்கரம் வழுக்கியது. ப்ராம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. குறுக்கே திரும்பி, தன் உடம்பால் அந்த அம்மாளைப் பின்னால் தள்ளியது. பெட்டி அதன் மேல் ஏறிற்று.

நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன், இரண்டு முறை விழுந்தேன், அதை விடு. ரின்ஸ்கே அம்மாள் பனியில் மண்டிபோட்டு நாயின் உடம்பைத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். கையெல்லாம் ரத்தம். அது ரத்தமா உருகின பனியா என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். சைக்கிள்காரன் வெளுத்துப்போய் "மணி அடிச்சேனே, மணி அடிச்சேனே" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க அடிபட்டிருக்கு? கண்ணு இருக்கறவங்க யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என்று அவர் கத்தினார்.

நான் சொன்னேன். பரீட்சை முடிவு வாசிப்பது போலத்தான் எனக்குச் சொல்ல வரும். "இடது பின்னங்கால். தொடைக்குக் கீழ தோல் கிழிஞ்சிருக்கு. எலும்பு நேரா இல்ல. ரத்தம் நிக்காம வருது. கண்ணு தெறந்திருக்கு. உங்களையேதான் பாத்துட்டிருக்கான்."

"யாரு அது?"

"எதிர்வீடு. சீப்ரன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க சீப்ரன்!"

கூப்பிட மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் பண்ணியிருந்தேன். போனை எடுத்தேன். ஹெர்மின்தான் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு. "சார்... புறாவா?"

"நாய்மா. ப்ராம்."

அவ்வளவுதான் சொன்னேன். இந்த ஊரில் ப்ராமைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பக்கம் வண்டிச் சாவி குலுங்கியது. "காலைத் தூக்காதீங்க. சுத்தமான துணி எடுத்து காயத்து மேல வெச்சு அழுத்துங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. மேல கம்பளி போடுங்க. கிளம்பிட்டோம்." ஆல்டா எனக்குப் பின்னித் தந்த கழுத்துத் துணியைக் கழற்றி அழுத்தினேன். நாய் முனகக்கூட இல்லை. மூக்கு மட்டும் என் கையில் சூடாக வந்து வந்து போயிற்று.

அவர்கள் வந்தார்கள். ஹெர்மின் பார்த்தாள், கட்டுப் போட்டாள், பிறகு ரின்ஸ்கே அம்மாளின் தோளில் கை வைத்து, "வாரைக் கழட்டிடுங்க அக்கா. அது இருக்கிற வரைக்கும் டியூட்டில இருக்கோம்னு நினைச்சுப்பான்" என்றாள். அவர் தடவித் தடவிக் கொக்கியை அவிழ்த்தார். கைப்பிடி வைத்த அந்த வெள்ளை வார் முதுகிலிருந்து நழுவியதுதான் தாமதம், அதுவரை சத்தமே போடாத பிராணி வாயைத் திறந்து அழுதது பார், அக்கா, அந்தச் சைக்கிள்காரன் கையால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எங்கே திரும்பினேன் என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

பின்னால் நாயோடு ரின்ஸ்கே அம்மாளும் ஓபெயும். முன்னால் ஹெர்மின் பக்கத்தில் நான். ஏன் ஏறினேன் என்று யாரும் கேட்கவில்லை. விலங்கு ஆம்புலன்ஸுக்கு நீல விளக்கும் கிடையாது, சைரனும் கிடையாது. மனுஷனுக்குத்தான் அவசரம் உண்டு, மற்றவர்களுக்குச் சிவப்பு விழுந்தால் சிவப்புதான். பெரிய பாலத்துக்கு வந்தால் பாலம் தூக்கியிருக்கிறது. இந்தக் குளிரில் எவனோ ஒரு மகராஜன் படகில் சாவகாசமாகக் கடந்து போகிறான், போகிற போக்கில் எங்களுக்குக் கை வேறு காட்டுகிறான். பின்னாலிருந்து நாயின் அழுகை மெல்லிசாகிக்கொண்டே வந்தது. என் வலது கால் தரையை மிதித்து மிதித்து வலித்தது.

"அங்க பிரேக் இல்ல சார்," என்றாள் ஹெர்மின்.

"தெரியும்மா."

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது, சின்னப் பாலத்துக்குப் போய்ச் சேரும். ஒருவழிப் பாதை, எங்களுக்கு எதிர் வழி. நான் அதைக் கையால் காட்டினேன். "அதுல போ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இதே சந்துலதான் என்னை முதல் தடவை ஃபெயில் பண்ணீங்க."

"பண்ணினேன். சரியாத்தான் பண்ணினேன். இப்போ போம்மா!"

எதிரே வந்த ஒரு காரை நான் ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிக் கத்திக் கத்திப் பின்னுக்கு அனுப்பினேன். காரில் இருந்தது யார் என்கிறாய்? பெட்யாவின் வீட்டுக்காரர். அதைப் பற்றி அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

டாக்டர் எலும்புக்குத் தகடு வைத்தார். பிழைத்துவிட்டது, ஆனால் மறுபடி வேலைக்கு ஆகுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். நாயை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ரின்ஸ்கே அம்மாள் வாசலில் நின்றார், ஒரு கையில் வெறும் வார், அடுத்த கை காற்றில். நாய் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தார். "கையைக் கொடுங்க," என்றார். கொடுத்தேன். நாலு அடி போனோம். நேராக ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் கொண்டுபோய் முட்டினேன்.

"என்ன இது?"

"சைக்கிள்."

"முட்டினதுக்கப்புறம் எனக்கே தெரியும் சீப்ரன். அதுக்கு முன்னாடி சொல்லணும்."

அன்றிலிருந்து நான்தான் ப்ராம். ஆரம்பித்தது யார் என்று தெரியவில்லை. மறுநாள் அவருக்கு ஆர்கன் பயிற்சி, தெருவெல்லாம் பனி, நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மணியடித்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நடந்து பார்த்தார். நான் ரொம்ப உயரம், என் நடை ரொம்ப வெட்டல், என் கை நடுங்குகிறதாம்; பிடித்தால் கப்பலில் போவது போல இருக்கிறதாம். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நாய் வாரின் கைப்பிடியைக் கழற்றி என் பெல்ட்டில் பின்பக்கமாகக் கட்டினார். அக்கா, நான் ஆட்சேபித்தேன். அரசாங்க வேலை பார்த்த மனுஷன். "நாங்க பழகின உயரம் இதுதான். கௌரவம் பாக்காதீங்க, ப்ராம் என்னிக்கும் பாத்ததில்ல," என்றார். அன்று சந்தை நாள். மீதியைப் பெட்யா சொல்லியிருப்பாள். ஒன்று மட்டும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்: அன்று நாங்கள் எதிலும் முட்டவில்லை.

பாதை நெடுக ஆட்கள் நிறுத்தினார்கள். என்னோடு பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். "ப்ராம் எப்படி இருக்கான்?" "தகடு வெச்சாங்களாமே?" "சாப்பிடறானா?" நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். சீப்ரன் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை, சும்மா எழுதுகிறேன். கறிக்கடைக்காரர் வழக்கமாக நாய்க்குக் கொடுக்கிற சாஸேஜ் துண்டைக் காகிதத்தில் மடித்து, "அவன் கிட்ட சேத்துடுங்க" என்று என் கையில் கொடுத்தார். மூலை திரும்பியதும் நான் வாயில் போட்டுக்கொண்டேன். இரண்டு அடி கழித்துப் பின்னாலிருந்து, "நல்லாயிருந்துதா?" என்று குரல். கண் இல்லாவிட்டால் என்ன, மூக்கு போலீஸ் மூக்கு. சர்ச்சில் ஆர்கன் பெஞ்சுக்குக் கீழே நாய் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். மேலே அவர் கால்கள் மிதிகட்டைகளில் ஓடும், மரம் அதிரும், அந்த அதிர்வு என் முதுகு வழியாக ஏறும். அதில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஆல்டா போனதிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை. "ப்ராம் குறட்டை விட மாட்டான்," என்பார் வாசித்துக்கொண்டே. நன்றாக வழி காட்டிய நாளில் வாசலில் விடும்போது நாயிடம் சொல்கிற அதே குரலில் "சமர்த்து" என்பார். பிறகு அவருக்கே வெட்கமாகி, "மன்னிச்சுக்கோங்க, பழக்கதோஷம்" என்பார். நான் பரவாயில்லை என்பேன். பரவாயில்லைதான்.

ப்ராம் திரும்பி வந்தது போன வாரம். காலில் முடி மழித்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. ஆம்புலன்ஸிலிருந்து ஹெர்மின் இறக்கிவிட்டாள். தெருவே கூடியது. அது எல்லாரையும் தாண்டிப் போய் அந்த அம்மாளின் மடியில் தலையை வைத்தது. மறுநாள் காலை பயிற்சிக்கு நேரமாயிற்று என்று நான் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ப்ராமும் அவரும் மெதுவாக, மிக மெதுவாக, தெருமுனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாய் ஓரத்தில் நின்றது. இரு பக்கமும் பார்த்தது. தாண்டினார்கள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் யாராவது பழைய நாயிடம் போய்ப் புது நாய் வந்ததைச் சொல்வார்களா? இங்கே புதுசு நான்தான், பழசு திரும்பிவிட்டது, அவ்வளவுதான். கையுறையைக் கழற்றினேன், தொப்பியைக் கழற்றினேன், கோட்டையும் கழற்றி ஆணியில் மாட்டினேன். சூப் டப்பா ஒன்றைத் திறந்தேன்.

ஆகையால் அக்கா, ஆல்டா காரியத்தன்று எங்களோடு வந்து இரு என்று நீ சொன்னதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் மாடி அறையை எனக்கு ஒழித்து வை. ஈஸ்டருக்குள் வந்துவிடுகிறேன். வீட்டை விற்க ஆள் பார்க்கிறேன். நான் உபத்திரவம் பண்ண மாட்டேன், நாய் பூனை எதுவும் என்னோடு வராது, உன்னோடு சண்டை போடுவதற்கு மட்டும் ஒரு வாய் கூடுதலாக வரும். நான் வரும்போது கார் ஓட்ட வேண்டாம் என்று அத்தானிடம் சொல், ரயிலடியிலிருந்து நடந்தே வருகிறேன். உறவு நீடிக்க வேண்டும். சகல ஆசீர்வாதமும் உங்கள் இருவர் மேலும், ரோஜாக்கள் மேலும், பெட்யா நாக்கின் மேல் ஒரு பூட்டும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
சீப்ரன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போனேன், மணியடித்தது. திறந்தால் ரின்ஸ்கே அம்மாள். தலையெல்லாம் மழை. கையில் வெள்ளைக் கோல், இன்னொரு கையில் சாதாரண நாய்க் கயிறு, அதன் நுனியில் ப்ராம். முதுகில் வார் இல்லை.

"தனியாவா தெருவைத் தாண்டி வந்தீங்க?" என்றேன்.

"அதுக்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா? உள்ள வரலாமா, இல்ல நனையட்டுமா?"

நாற்காலியில் உட்கார வைத்தேன். கோலை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இவனுக்கு வேலை போயிடுச்சு சீப்ரன். நாய்ப் பயிற்சிப் பள்ளியிலேர்ந்து ஆள் வந்து நடக்க விட்டுப் பாத்தாங்க. வலிச்சாலும் காட்டிக்க மாட்டேங்கறான், அதான் கூடாதுங்கறாங்க. திங்கக்கிழமை நான் பள்ளிக்குப் போறேன், புது நாயோட பழக. ரெண்டை வெச்சுக்க முடியாது. தெரிஞ்ச வீடா இருந்தா இவனுக்கு நல்லதாம். இல்லன்னா தெற்கே எங்கயோ ஒரு குடும்பம் இருக்காம்."

"எனக்கு நாய் ஆகாது," என்றேன்.

"தெரியும். இவனுக்கும் உங்களைப் பெருசாப் புடிக்கல." சிரிக்க முயன்றார், வரவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது. புது நாய் என்னோட பழகி முடியற வரைக்கும் இவன் என் குரலைக் கேக்கக் கூடாது, என் பக்கத்துல வரக் கூடாது. கேட்டா வேலைக்கு ஓடி வந்துடுவான். அதனால நான் வெளிய போற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் வெளிய வரக் கூடாது. வேற நேரம், வேற தெரு."

"எவ்வளவு நாளைக்கு?"

"மாசக்கணக்குல ஆகும்னாங்க. சில நாய்க்கு இன்னும் ஜாஸ்தி."

யோசித்துப் பார் அக்கா. வேண்டாமென்றால் நாய் ஊரை விட்டுப் போகும். சரியென்றால் எதிர்வீடு உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகும். அவருக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும், கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் கையை நீட்டி அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டேன். நாயின் காதைத் தடவி ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, எனக்காகச் சொன்னதும் இல்லை. "நானும் பள்ளிலேர்ந்து வந்தா மணியடிக்க மாட்டேன்," என்றார் வாசலில். "தப்பா நினைக்காதீங்க."

தனியாகத்தான் திரும்பிப் போனார். நானும் ப்ராமும் ஜன்னலில். நாய் எழுந்து நின்று நடுங்கியது, குரைக்கவில்லை. தெரு நடுவில் அவருடைய கோல் ஒரு குழியில் பட்டு, அவர் கொஞ்சம் இடப்பக்கமாக விலகிவிட்டார், இன்னும் இரண்டு அடி போனால் விளக்குக் கம்பம். நான் ஜன்னலைத் தள்ளித் திறந்து, "வலப்பக்கம்! இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"தெரியுது!" என்று திரும்பாமலே கத்தினார். ஆனால் வலப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ப்ராம் அதன் பிறகும் நின்றுகொண்டே இருந்தது. இதை எழுதும்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் உட்கார மாட்டேன் என்கிறது. நானும் அதற்குத் துணையாக நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அறையை ஒழிக்க வேண்டாம் அக்கா. உங்கள் வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து. இவனால் ஏற முடியாது.